கல்லாங்குத்து நிலத்தின் கல்வட்டங்கள்: நெல்லைச் சீமையின் கிராம சபைகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஊராட்சி மன்றத் தலைவர்களுக்கும் வார்டு உறுப்பினர்களுக்கும், திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களின் கிராம சபைகளில் வந்து அமர்கின்ற ஊர்ப் பொதுமக்களுக்கும் வணக்கம்.

உங்கள் ஊர் எல்லைக்குள் கல்வட்டம் (பழங்காலத்தில் இறந்தோர்க்கு எழுப்பிய ஈமச்சின்னத்தைச் சுற்றி வட்டமாக நிறுத்திய கற்கள்) எதுவும் இருக்குமானால், அந்த மேட்டில் சரள் மண் அள்ளவோ கல் உடைக்கவோ அனுமதி கேட்டு மனு வருவதற்கு முன்பாகவே, அதைப் புல எண்ணோடு கிராம சபைத் தீர்மானமாக எழுதி வையுங்கள் என்று கேட்டுக்கொள்வதற்காக இம்மடலை எழுதுகிறேன். நில அளவைப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன் நான். தொல்லியல் அறிஞன் அல்லன். ஆயினும், இந்தச் சீமையின் பறம்புகளிலும் பொத்தை அடிவாரங்களிலும் சங்கிலி பிடித்து நடந்த காலத்தில், கிராமத்தின் நில விவரங்களைக் கொண்ட அ-பதிவேட்டில் ‘கல்லாங்குத்து’ என்றும் ‘தரிசு’ என்றும் ஒற்றைச் சொல்லில் முடிந்துபோகும் நிலங்களில் என்னவெல்லாம் கிடக்கின்றன என்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். புலப்படத்தில் கிணற்றைக் குறிப்போம், கோயிலைக் குறிப்போம், பாறையைக்கூடக் குறிப்போம். கல்வட்டத்தைக் குறிக்கும் வழக்கம் மட்டும் எங்களிடம் இருந்ததில்லை.

அலுவலகங்களுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுவதற்குக் காரணம் உண்டு. அலுவலர்கள் மாறுதலில் போய்விடுவார்கள். மேட்டில் எந்தக் கல் எங்கே கிடக்கிறது என்பது அங்கே ஆடு மேய்ப்பவருக்கும் விறகு பொறுக்கியவருக்கும்தான் தெரியும். அவர்கள் வந்து அமர்ந்து பேசுவதற்கென்று சட்டம் ஏற்படுத்தித் தந்த ஒரே இடம் கிராம சபை.

நம் பகுதியில் பழங்காலம் என்றதும் இறந்தோரை இட்டுப் புதைத்த பெரிய மண்பானையான தாழியைத்தான் நினைக்கிறோம். அதில் தவறில்லை. ஆதிச்சநல்லூரில் 1876-ஆம் ஆண்டில் பெர்லினிலிருந்து வந்த யாகோர் தோண்டிப் பார்த்ததும், 1899 முதல் அலெக்சாண்டர் ரீ பல ஆண்டுகள் அகழ்ந்து பொன் நெற்றிப்பட்டங்களையும் வெண்கலக் கலங்களையும் இரும்புக் கருவிகளையும் எடுத்ததும், இந்தியத் தொல்லியல் துறை 2004-05-இல் மீண்டும் அங்கே குழி போட்டதும் பலரும் அறிந்தவை. சிவகளைத் தாழி ஒன்றில் கிடைத்த நெல் உமியின் காலம் கி.மு. 1155 என்று 2021-இல் அறிவிக்கப்பட்டது. அதே ஊரின் இரும்புப் பயன்பாட்டின் காலம் கி.மு. 3345 வரை பின்னோக்கிச் செல்வதாக 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. நம்பியாற்றங்கரையில் துலுக்கர்பட்டியும் அகழப்பட்டது. இவ்வளவும் சேர்ந்து, ‘தாழி நம்முடையது, கல்வட்டம் கொங்கு நாட்டுக்கும் தொண்டை நாட்டுக்கும் உரியது’ என்ற எண்ணத்தை நம்மிடையே வளர்த்துவிட்டன.

இந்த எண்ணத்தில் பாதி உண்மை இருக்கிறது. ஆற்றங்கரையின் சரள் மேடுகளில் தாழியை இறக்கிப் புதைப்பது எளிது. பலகைக் கல்லுக்கு அங்கே வழியில்லை. பாறை கிடைக்கும் இடங்களில் கல் முதன்மை பெற்றது. ஆனால் இரண்டையும் கோடு போட்டுப் பிரித்துவிட முடியாது. கல்வட்டத்துக்குள் பதுக்கை, அதாவது பலகைக் கற்களால் மண்ணுக்குள் அமைத்த அறை, இருப்பதுண்டு. பதுக்கையே இல்லாமல் தாழி மட்டும் இருப்பதும் உண்டு. இறந்தோரைச் சுடுவோர், வெறுமனே இடுவோர், குழி தோண்டிப் புதைப்போர், தாழ்ந்த அறையில் அடைப்போர், தாழியால் கவிப்போர் என்று ஐந்து வகையினரையும் ஒரே சுடுகாட்டில் நிறுத்திக் காட்டுகிறது மணிமேகலை. ஆகவே தாழி உள்ள சீமையில் கல்வட்டம் இராது என்று முடிவுகட்டி, மேட்டில் வட்டமாய்க் கிடக்கும் கற்களைத் திரும்பிப் பாராமல் போவது சரியன்று.

இனி, பதுக்கையோடு கூடிய கல்வட்டம் எப்படிக் கட்டப்பட்டது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் மேலே தெரிவது மிகக் குறைவு. மேலே தெரிவதை மட்டும் பார்ப்பவர் ‘பத்துக் கல்தானே’ என்று சொல்லிவிடுவார்.

முதலில் கெட்டியான சரளிலோ மக்கிய பாறையிலோ ஆள் இறங்கும் அளவுக்குக் குழி வெட்டினார்கள். குழியின் அடியில் ஒரு பலகைக் கல்லைப் பரப்பி, நான்கு பக்கமும் நான்கு பலகைகளை நிறுத்தினார்கள். இந்த நிறுத்தலில்தான் அவர்களுடைய கைத்தேர்ச்சி தெரிகிறது. ஒவ்வொரு பலகையின் ஒரு முனை அடுத்த பலகையைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும்படி, மேலிருந்து பார்த்தால் ஸ்வஸ்திக வடிவம் தோன்றும்படி, அவற்றைச் சுற்றிப் பொருத்தினார்கள். அட்டைப்பெட்டியின் நான்கு மடிப்புகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாகச் செருகி மூடுவதைப் போன்ற வேலை இது. வெளியிலிருந்து மண் நெருக்க நெருக்க, பலகைகள் ஒன்றையொன்று தாங்கி இறுகுமே தவிர உள்ளே சாய்வதில்லை. சுண்ணாம்பும் இல்லை, காரையும் இல்லை. மண்ணின் எடையே கட்டுமானத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. ஒரு பக்கப் பலகையில், பெரும்பாலும் கிழக்குப் பக்கத்தில், வட்டமாக ஓர் ‘இடுதுளை’ வெட்டியிருப்பார்கள். இறுதியில் மேலே மூடுகல்.

எடையைக் கணக்கிட்டுப் பாருங்கள். இரண்டு மீட்டர் நீளமும் ஒன்றரை மீட்டர் அகலமும் இருபது சென்டிமீட்டர் கனமும் உள்ள ஒரு கருங்கல் பலகை ஒன்றரை டன்னுக்கு மேல் இருக்கும். அப்படிப் பலகைகள் ஆறு. இவற்றைப் பாறையிலிருந்து பிரித்தெடுக்கத் தீ மூட்டிச் சூடேற்றிப் பிளக்கும் முறையும் ஆப்பு அடிக்கும் முறையும் பயன்பட்டிருக்கும் என்று கருதப்படுகிறது. பாறை மேல் தீயிட்டு ஏடு ஏடாகக் கல் எடுக்கும் தொழில் தென்னிந்தியக் கல்தச்சர்களிடம் அண்மைக் காலம் வரை வழங்கியதுதான். உருளைக் கட்டை, நெம்புகோல், கயிறு, மண்ணால் அமைத்த சாய்தளம் ஆகியவற்றைக் கொண்டு கல்லை நகர்த்தி ஏற்றியிருப்பார்கள். ஒரு குடும்பத்தால் மட்டும் ஆகிற காரியமன்று இது. கல் வெட்டுபவர், இழுப்பவர், பானை வனைபவர், இத்தனை பேருக்கும் உலை வைப்பவர் என்று ஊரே திரண்டிருக்க வேண்டும். அத்தனை பேரும் நிலத்து வேலையை விட்டு வர வேண்டுமானால் களஞ்சியத்தில் மிச்சம் இருந்திருக்க வேண்டும்.

மூடுகல்லின் மேல் மண்ணும் உடைகற்களும் குவிக்கப்பட்டன. அந்தக் குவியல் சரிந்து பரவாதபடி சுற்றிலும் பெரிய உருண்டைக் கற்களைப் பாதி புதைத்து நிறுத்தினார்கள். நாம் கல்வட்டம் என்று அழைப்பது இந்தக் கடைசி வரிசையைத்தான். அது மேட்டுக்கு அணையாகவும் நின்றது. இதற்கு மேல் கலப்பையும் காலும் வரக்கூடாது என்ற எல்லையாகவும் நின்றது. (எல்லைக்கல் நடுவதையே தொழிலாகக் கொண்டிருந்தவன் இந்த வரிசையை மதிப்போடு பார்ப்பதில் வியப்பில்லை. நாங்கள் நட்ட கற்களில் பல ஐம்பது ஆண்டுகூட நின்றதில்லை.)

எதற்காக இவ்வளவு உழைப்பு? பெரும்பாலான கல்வட்டங்கள் ஈமச்சின்னங்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் ‘புதைகுழி’ என்ற சொல் அவற்றின் பயனை முழுவதும் சொல்லிவிடுவதில்லை. உள்ளே முழு எலும்புக்கூடு கிடைப்பது அரிது. உடலை வேறிடத்தில் வைத்திருந்து, சதை நீங்கிய பிறகு எலும்புகளில் சிலவற்றை மட்டும் எடுத்து வந்து பானைகளோடும் இரும்புக் கருவிகளோடும் மணிகளோடும் வைத்திருக்கிறார்கள். ஒரே பதுக்கையில் ஒன்றுக்கு மேற்பட்டவரின் எலும்புகள் இருந்த இடங்களும் உண்டு. கர்நாடகத்தின் பிரம்மகிரியில் 1947-இல் அகழ்ந்த தொல்லியல் அறிஞர் மார்ட்டிமர் வீலர், பதுக்கை உள்ள வட்டங்களோடு, எலும்பே இல்லாத வெறும் குழி வட்டங்களையும் கண்டார். உடலைக் கிடத்திச் சதை நீங்கும்வரை காத்திருந்த இடமாக அவை இருக்கலாம் என்பது அவருடைய கருத்து. அப்படியென்றால், சாவுக்கும் இறுதிச் சடங்குக்கும் இடையே நாள்கள் அன்றி மாதங்கள் கழிந்திருக்கின்றன; அந்த இடைவெளியில்தான் கல் வெட்டி இழுத்துக் கட்டும் வேலையும் நடந்திருக்க முடியும். இடுதுளையும் இதோடு பொருந்துகிறது: மூடுகல்லைத் தூக்காமலே பிற்காலத்தில் இன்னொருவரின் எலும்பையோ படையலையோ உள்ளே வைப்பதற்கு அது வழியாக இருந்திருக்கலாம், உயிர் வந்து போகும் வாயிலாக எண்ணினார்கள் என்று சொல்வோரும் உண்டு.

எல்லோருக்கும் கல்வட்டம் கிடைத்திருக்காது என்பதும் உறுதி. ஈரோடு மாவட்டம் கொடுமணலில் ஒரே ஈமச்சின்னத்தில் 2,000-க்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள் கிடைத்தன. பக்கத்திலேயே சில பானைகளோடு முடிந்துபோனவையும் இருந்தன. செல்வமும் நிலையும் உடையவருக்கு ஊர் கூடிக் கல் இழுத்தது. அந்தக் கல் உயர்ந்த மேட்டில் நின்று, இந்த மேய்ச்சலும் இந்தத் தண்ணீரும் இன்னார் வழியினருடையவை என்று வருவோர்க்கும் போவோர்க்கும் அறிவித்தது என்ற விளக்கமே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. பட்டாவும் பத்திரமும் இல்லாத காலத்தில் முன்னோரின் எலும்பைவிட வலுவான ஆவணம் வேறென்ன இருந்திருக்க முடியும்?

இவ்விடத்தில் இரண்டு பேச்சுகளைப் பற்றி எச்சரிக்க வேண்டும். ஒன்று, கைப்பேசியில் சுற்றிவரும் பெருமைப் பேச்சு. எங்கே வட்டமாகக் கல் இருந்தாலும் அது தமிழரின் வானியல் கூடம், இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்சுக்கு மூத்தது என்று எழுதிவிடுகிறார்கள். ஸ்டோன்ஹெஞ்சின் அச்சு கோடைத் திருப்பத்தின் சூரிய உதயத்தையும் குளிர்த் திருப்பத்தின் மறைவையும் நோக்கி அமைந்திருப்பது உண்மை. அதன் பெரிய கற்கள் ஏறத்தாழ கி.மு. 2500-இல் நிறுத்தப்பட்டவை. நாக்பூருக்கு அருகே ஜூனாபாணியில் உள்ள ஏறக்குறைய 300 கல்வட்டங்களில் சிலவற்றின் கற்களில் வெட்டப்பட்டுள்ள கிண்ணக்குழிகள் திசையைக் குறிப்பனவா என்று ஆய்வாளர்கள் அளந்து பார்த்ததும் உண்மை. ஆனால் அளந்து பார்ப்பதற்குக் கல் அதே இடத்தில் அதே நிலையில் நிற்க வேண்டும். அளக்காமலே வானியல் கூடமாக்குவது, நம் முன்னோர் உண்மையில் செய்த அரிய வேலையை மறைத்துவிட்டு அவர்கள் செய்யாத வேலைக்கு மாலை போடுவதாகும்.

மற்றொன்று புதையல் பேச்சு. இதனால் விளையும் சேதம் பெரிது. ஆதிச்சநல்லூரில் பொன் கிடைத்த செய்தி நூறாண்டுக்கு மேலாக ஊர் ஊராகச் சுற்றி, எல்லாக் கற்குவையின் கீழும் பொன் இருப்பதாக ஆகிவிட்டது. இரவில் மூடுகல்லைப் புரட்டியவர்களுக்குத் துருப்பிடித்த இரும்பும் உடைந்த பானையும் எலும்புத் தூளும் கிடைத்திருக்கும். 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எந்தப் புதைபொருள் கிடைத்தாலும் மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும் என்பதைக் கிராம சபையில் ஒருமுறை வாசித்துக் காட்டுவது நல்லது.

ஆனால் புதையல் தேடுவோரைக் காட்டிலும் அதிகமாக அழிப்பவர்கள் எதையும் தேடாதவர்கள். மானாவாரி ஊர் ஒன்றின் வடக்கே உள்ள பறம்பைச் சொல்கிறேன். உடைமரங்களுக்கு நடுவே எட்டுத் தப்படி அகலத்தில் ஒரு வட்டம். தென்பாதிக் கற்கள் அசையாமல் நின்றன. அவற்றின் உள்பக்கம் சுற்றியுள்ள தரையைவிட ஒரு முழம் உயர்ந்து, நடுவில் ஒரு பலகையின் விளிம்பு கத்தி முனையைப் போல் மண்ணுக்கு மேல் துருத்திக்கொண்டிருந்தது. வடபாதியில் கற்கள் இல்லை. அவை பிடுங்கப்பட்ட குழிகள் மட்டும் இருந்தன. காற்றாலைக்குத் தூண் கொண்டுவரும் பாதை போட்டபோது எந்திரம் அவற்றை ஒதுக்கித் தள்ளியிருக்கிறது. ஒரு கல், கீழே இருந்த பம்புசெட்டு அருகில் துணி துவைக்கக் கிடந்தது. அதன் கீழ்ப்பாதியில் செம்மண் ஊறிய நிறம் நேர்கோடாக நின்றிருந்ததால், எவ்வளவு ஆழம் அது புதைந்திருந்தது என்பதைக்கூட அளக்க முடிந்தது. கிடை போட வந்திருந்த பெரியவர் சொன்னார்: “அது பாண்டவங்குழில்லா அண்ணாச்சி, எங்க தாத்தா காலத்துல இருந்தே நாங்க அதுக்குள்ள கெடை போட மாட்டோம்.” பாதை போட்டவர்களுக்கு இதை யாரும் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் காட்டுவதற்கு ஒரு வரி எழுத்து இல்லை. அவர்கள் கையில் இருந்த புலப்படத்தில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. அந்தப் படத்தை வரைந்தவர்கள் என் துறையைச் சேர்ந்தவர்களே.

தாழியோ வாளோ மணியோ எடுக்கப்பட்டால் ரெட்டியார்பட்டியில் உள்ள பொருநை அருங்காட்சியகத்தில் வைத்துப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். கல்வட்டத்தை அப்படிக் கொண்டுபோக முடியாது. ஒரு வட்டத்துக்கும் அடுத்த வட்டத்துக்கும் உள்ள தொலைவு, இடுதுளை நோக்கும் திசை, கீழே இருக்கும் குளத்துக்கும் மேட்டுக்கும் உள்ள தொடர்பு ஆகியவற்றிலிருந்துதான் அது எதற்கு என்ற கேள்விக்கு விடை வர வேண்டும். கல்லைப் பத்திரமாக வேறிடத்தில் அடுக்கி வைத்துவிட்டோம் என்று சொல்வது, கல்லைக் காப்பாற்றிவிட்டு வட்டத்தை அழித்ததாகவே ஆகும்.

உங்களில் சிலருக்கு ஓர் அச்சம் இருப்பதை அறிவேன்: எழுதி வைத்தால் நிலம் போய்விடுமோ என்பது. அந்த அச்சம் ஆதாரமற்றது என்று நான் சொல்ல மாட்டேன். 1958-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்ட சின்னமாக ஓரிடம் அறிவிக்கப்பட்டால், 2010-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி அதைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது. அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்ட வேண்டும். பட்டா நிலத்தில் வட்டம் இருந்தால் உரிமையாளர் வாயைத் திறக்காமல் இருப்பதற்கும், சிலர் ஒரே இரவில் கல்லை அகற்றிவிடுவதற்கும் இதுவே காரணம். ஆனால் கிராம சபை எழுதும் தீர்மானம் அத்தகைய அறிவிக்கை ஆகாது. அதனால் பட்டா மாறாது, உழவும் நிற்காது. நான் கேட்பது, எல்லாவற்றையும் சின்னமாக அறிவிக்கச் சொல்லி அன்று. இங்கே இது இருக்கிறது என்று ஊர் அறிந்திருப்பதை, அனுமதி வழங்குபவரும் அறியச் செய்வது. பட்டாதாரரை அழைத்து வைத்து, அவர் முன்னிலையில் பேசி, வட்டத்தைச் சுற்றிச் சில தப்படி உழாமல் விடுவதற்கு அவருடைய சம்மதத்தைப் பெற்றுவிட்டால் அதைவிடச் சிறந்த பாதுகாப்பு இல்லை. புறம்போக்கிலும் தரிசிலும் இந்தச் சிக்கலே கிடையாது.

கண்டறிவதிலும் கவனம் தேவை. உழவர்கள் பொறுக்கிப் போட்ட கற்குவியலையும், பழைய கிடை வேலியையும், மக்கி உடைந்து தானாகக் கிடக்கும் பாறையையும் கல்வட்டம் என்று எழுதிவிட்டால், உண்மையான வட்டத்துக்கும் மதிப்பு போய்விடும். பொறுக்கிப் போட்ட குவியல் பெரும்பாலும் வரப்போரம் இருக்கும். அதன் கற்கள் மண்ணின் மேல் தளர்ந்து கிடக்கும். வட்டத்தின் கற்கள் மண்ணுக்குள் இறங்கியிருக்கும்; உட்புறம் சற்றே மேடாக இருக்கும்; நடுவில் பலகையின் விளிம்பு தெரியலாம். உள்ளும் வாயும் கறுத்து வெளியே சிவந்த பானை ஓடுகள் சுற்றுப்புறத்தில் கிடந்தால் ஐயம் பெரிதும் நீங்கும். ஓட்டை எடுத்துப் போக வேண்டாம். கிடந்த இடத்திலேயே படம் எடுங்கள். நடுக்குழியைக் கிளறிப் பார்க்கும் ஆசை யாருக்கும் வரும். அதை அகழாய்வு செய்வோருக்கு விட்டுவிட வேண்டும்.

தீர்மானத்தில் என்ன இருக்க வேண்டும் என்று கேட்பீர்களானால், என் பழைய தொழில் முறைப்படியே சொல்கிறேன். கிராமத்தின் பெயர், புல எண், உட்பிரிவு எண், நிலத்தின் வகைப்பாடு, வட்டத்தின் குறுக்களவு, இப்போது நிற்கும் கற்களின் எண்ணிக்கை, அருகிலுள்ள எல்லைக்கல்லில் இருந்து நாடா பிடித்து அளந்த தொலைவும் திசையும், கைப்பேசி காட்டும் அட்சரேகை தீர்க்கரேகை, ஊரார் அந்த இடத்தை அழைக்கும் பெயர். இவற்றோடு, ‘மேற்படி இடத்தில் மண் எடுக்கவோ, கல் உடைக்கவோ, பாதை அமைக்கவோ, ஊராட்சி வேலையாகக் குழி வெட்டவோ அனுமதி வழங்குவதற்கு முன் தொல்லியல் துறையின் கருத்தைப் பெற வேண்டும் என்று இச்சபை கேட்டுக்கொள்கிறது’ என்ற ஒரு வாக்கியம். தீர்மான நகலை மாவட்ட ஆட்சியருக்கும், கனிம வளப் பிரிவுக்கும், மாநிலத் தொல்லியல் துறைக்கும் அனுப்பி ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரு நகலைக் கொடுத்து, அ-பதிவேட்டின் குறிப்புக் கலத்தில் தீர்மான எண்ணை ஏற்றுமாறு எழுத்து மூலம் வேண்டுங்கள். கலம் ஏற்கெனவே இருக்கிறது. பெரும்பாலான கல்லாங்குத்து நிலங்களுக்கு அது காலியாகத்தான் இருக்கிறது.

அடுத்த கிராம சபைக்கு முன்பாக, மேட்டை அறிந்த ஆடு மேய்ப்பவர் ஒருவரையும், அளக்கத் தெரிந்த இளைஞர் ஒருவரையும், புலப்பட நகலோடு அனுப்பி வையுங்கள். புலப்படம் பார்ப்பதிலோ எல்லைக்கல்லைக் கண்டுபிடிப்பதிலோ தடை ஏற்பட்டால், ஓய்வு பெற்ற நில அளவையர்கள் எல்லாத் தாலுகாக்களிலும் இருக்கிறோம். அழைத்தால் நாடாவோடு வருவோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வு பெற்ற நில அளவையர் ஒருவர்,
திருநெல்வேலி.